செத்த வீட்டுத் தடியில் ஏறிய புடோல்

முதற் பூசை கொள்ளும் மூத்த பிள்ளையே, அறுகம்புல் ஒன்றைக் கிள்ளி வைத்தாலும் அகம் குளிர்பவனே, எழுதும் என் கை நடுங்காமலும், எழுதுகின்ற நெஞ்சு என்னை உள்ளதினும் நல்லவனாகக் காட்ட முயலாமலும் காத்தருள்வாயாக.

இன்று தைத் திங்கள், வளர்பிறைப் பஞ்சமி. உத்தரட்டாதி கூடிய நன்னாள். எழுத்து வேலை தொடங்குவதற்கு உகந்ததென்று பஞ்சாங்கம் சொல்கிறது. நான் எழுதப்போவது ஒரு பந்தலைப் பற்றி. திருமணப் பந்தலன்று; திருவிழாப் பந்தலுமன்று. புடலை எனப்படும் புடோலும் பாகலும் பயற்றைக் கொடியும் படர்வதற்காக, பிறர் கழித்த பொருள்களைக் கொண்டு ஒரு பெண் தன் கையாற் கட்டிய தோட்டப் பந்தல். எழுபத்தொன்பதாம் ஆண்டு மாரியில், உருத்திரபுரத்திற்கு அண்மையில், என் வேலிக்கு அடுத்த காணியில் அது நின்றது. அது ஒருமுறை விழுந்தது. விழுந்ததற்குக் காரணம் காற்றன்று, நான்.

அக்காலத்தில் எனக்கு வயது நாற்பத்தெட்டு. யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத் திட்டத்திற் காணி பெற்று வந்து, இரணைமடு நீரில் இருபது போகத்துக்கு மேல் நெல் விளைவித்திருந்தேன். மாலைகளிற் பிள்ளையார் கோயிலில் நின்று பதிகம் பாடுவேன். அதற்கென்று எவரும் என்னை அமர்த்தவில்லை. சிறுவயதிற் கற்ற பண்கள் வாயை விட்டுப் போகாதிருந்தமையாற் பாடினேன். ஆயினும் பாடுகிறவனுக்கு ஊரில் ஒரு மதிப்பு உண்டாகிவிடுகிறது. விதைப்புக்கு, கிணற்றுக்கு, வீட்டு நிலை வைப்பதற்கு என்று நாள் கேட்டு என்னிடம் வருவார்கள். எது ஆகும், எது ஆகாது என்று கேட்பார்கள். நானும் சொல்லுவேன். சொல்லிச் சொல்லி, கேளாதபோதும் சொல்லும் பழக்கம் எனக்கு வந்திருந்தது.

அடுத்த காணிக்கு வந்தவள் மலைநாட்டுத் தோட்டமொன்றிலிருந்து எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் ஓடிவந்தவள். முப்பது வயதிருக்கும். கணவன் மாங்குளத்துக்கு அருகே கல்லுடைக்கும் வேலையில் இருந்தான். சனிக்கிழமை பின்னேரம் வருவான், திங்கள் விடியப் போவான். இடையில் அவளும் ஒரு கைக்குழந்தையும் மாத்திரமே. அவர்களுக்குக் காட்டப்பட்ட அரையேக்கர், வாய்க்காலின் கடைசி மடைக்கும் அப்பால் இருந்தது. கோடையில் அங்கே நீர் எட்டாது. மாரியில் நீர் வடியாது. அப்படிப்பட்ட நிலத்துக்கும் கேட்டு ஆட்கள் வரிசையில் நின்றார்கள். ஆகவே அதிகாரிகள் ஒரு நிபந்தனை வைத்திருந்தனர். கார்த்திகை முடியுமுன் காணி உத்தியோகத்தர் வந்து பார்ப்பார். நிலத்தில் செய்கை இருந்தால் பெர்மிட்டுக்கு எழுதுவார். வெறுங்காணியாய்க் கிடந்தால் அது வரிசையில் அடுத்தவருக்குப் போகும். இவர்கள் மறுபடியும் யாருடைய கொட்டிலிலாவது ஒதுங்க வேண்டும்.

நீர் தேங்கும் நிலத்தில் பூசணி போன்றவற்றைத் தரையிற் படர விட்டால் அழுகிப்போகும். வேர் நிற்க மேடு கட்டி, கொடியை மேலே ஏற்றினால்தான் பிழைக்கும். இதை அவளுக்கு எவரும் சொல்லவில்லை. முதல் மழைக்கு நிலத்தில் நீர் நின்ற இடங்களைக் குச்சி நட்டு அடையாளம் வைத்துத் தானே அறிந்தாள். பந்தல் வேண்டும். பந்தலுக்குத் தடி வேண்டும். காட்டில் தடி வெட்டுவதற்கு அனுமதி வேண்டும். அது அவளைப் போன்றோருக்குக் கிடைப்பதரிது. ஆகவே ஊரில் எவரெவர் எதை எறிகிறார்கள் என்று பார்க்கத் தொடங்கினாள்.

ஆவணி மாதத்தில் ஒருநாள் அவள் இரண்டு துருப்பிடித்த சைக்கிள் றிம்களை இரு தோளிலும் மாட்டிக்கொண்டு வந்தாள். கையில் ஒரு கட்டுப் பழைய டியூப்.

"என்ன பிள்ளை, சைக்கிள் செய்யப் போறியோ?" என்று வேலிக்கு மேலால் கேட்டேன்.

"ஆமாங்க ஐயா. பொடலங்கா ஏறிப் போறதுக்கு" என்றாள், நில்லாமலே.

நான் கழித்து வேலியோரம் எறிந்திருந்த முட்கம்பியைக் கேட்டாள், கொடுத்தேன். அதைக் கல்லின் மேல் வைத்து, இன்னொரு கல்லால் முட்களை ஒவ்வொன்றாகத் தட்டிக் கழற்றினாள். மூன்று நாள் அந்த ஓசை கேட்டுக்கொண்டிருந்தது. டியூபுகளை விரலகல நாடாக்களாக வெட்டினாள். கயிறு மழையில் இற்றுவிடும், இது இழுத்துக் கட்டினால் மாரி முழுவதும் பிடித்து நிற்கும். உரப்பைகளை அவிழ்த்து அவற்றின் இழைகளை மூன்று மூன்றாகத் திரித்துக் கொடிகள் பிடித்தேறும் நூல் செய்தாள். றிம்களை இரு தனித் தடிகளின் உச்சியிற் படுக்கையாக வைத்து, அவற்றின் துளைகளிலிருந்து நிலம் வரை இழைகளை இறக்கிக் கட்டினாள். குடை விரித்தாற்போன்ற அவ்விரண்டும் பயற்றைக்கு. கட்டுக்கம்பியென்று அவள் கடையில் எதையும் வாங்கியதை நான் காணவில்லை.

தடிகள் மட்டும் எங்கிருந்து வந்தனவென்று நான் கேட்கவில்லை. பதினான்கு நல்ல காட்டுத்தடிகள் ஒருநாள் காலையில் அவள் முற்றத்திற் கிடந்தன. கறையான் ஏறாதபடி அடிப்பகுதியை நெருப்பிற் கருக்கி, உழவு இயந்திரத்திலிருந்து கழித்த எண்ணெயைப் பூசி, இடுப்பளவு குழியில் அல்லாவிடினும் முழங்காலுக்கு மேற்பட்ட குழியில் நட்டாள். பின்பு செய்ததுதான் எனக்குப் புதுமையாக இருந்தது. நேரான கம்பொன்றைத் தடிக்குத் தடி வைத்து, கண்ணை அதனோடு ஒட்டிப் பார்த்து, உயர்ந்திருந்த தடிகளின் தலையை வெட்டினாள். தேயிலைச் செடிகளின் மேல் கம்பை வைத்து மட்டம் பார்த்துக் கொழுந்து பறித்த கை அது.

"புடோலுக்கு இவ்வளவு மட்டம் ஏன் பிள்ளை?"

"ஒரு பக்கம் சாஞ்சிருந்தா எல்லாக் கொடியும் அங்கேயே போயிக் குமிஞ்சுக்கும்ங்க. மத்தப் பக்கம் சும்மா கெடக்கும்." பின் சிரித்து, "மட்டம் தப்பினா ஏசுறதுக்கு இங்க கங்காணி இல்லீங்களே, அதான் நானே பாத்துக்கிறேன்" என்றாள்.

புரட்டாசியில் விதைத்தாள். நாற்பது கொடிகள். ஐப்பசி மழைக்கு அவை பந்தலின் தலையைத் தொட்டன. கார்த்திகை பிறந்தபோது புடோலின் வெண்பூக்கள் மாலைதோறும் நூலிழை பிரிந்தாற்போல் விரிந்தன, பிஞ்சுகள் இறங்கின. பிஞ்சு சுருளாமல் நேரே வளர, நுனியில் வாழைநாரால் சிறு கல் கட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். அதை என் மனைவி அவளுக்குக் காட்டிக்கொடுத்தாள். குழந்தையின் ஏணையைப் பந்தலின் நடுவில், இரு தடிகளுக்கு இடையே கட்டியிருந்தாள். குழந்தை உறங்கும், அதன்மேல் கல் கட்டிய பிஞ்சுகள் ஆடும். முதற்காயைப் பிள்ளையாருக்கு என்று நேர்ந்திருப்பதாக என் மனைவியிடம் சொல்லியிருந்தாள்.

உத்தியோகத்தர் அடுத்த வெள்ளிக்கிழமை வருவாரென்று செய்தி வந்தது. அவர் வர எட்டு நாள் இருக்க, வியாழக்கிழமை காலையில் நான் பந்தலைப் பார்க்கப் போனேன். பாராட்டவே போனேன் என்று எழுதலாம், ஓரளவுக்கு உண்மையுமாகும். இலைகளுக்கிடையே ஒரு தடியின் தலையில் வெள்ளைத்துணிக் கிழிசலொன்று ஆணியோடு ஒட்டியிருந்ததைக் கண்டேன். பந்தலுக்கு வெள்ளை கட்டுவது கலியாண வீட்டிலும் உண்டு, செத்த வீட்டிலும் உண்டு.

"இந்தத் தடி எங்காலை பிள்ளை?"

"சந்தியடி வீட்டிலங்க. அந்தப் பெரியவர் செத்தாரில்ல, அங்க போட்ட பந்தல். முப்பத்தொண்ணாம் நாள் காரியம் முடிஞ்ச பெறகு யாரும் எடுக்கலீங்க. நீ வேணும்னா கொண்டு போ அப்படீன்னாங்க."

என் முகம் மாறியிருக்க வேண்டும். அவள் கையிலிருந்த நாடாவைக் கீழே வைத்தாள்.

நான் கடுமையாகப் பேசவில்லை. கடுமையாகப் பேசியிருந்தால் அவள் மறுத்திருக்கவும் கூடும். அன்பாக, அறிவுடையவன் போல, இதைத்தான் சொன்னேன்: "செத்த வீட்டுத் தடியிலை காய்ச்சதைச் சாமிக்குக் கொண்டுவரேலாது பிள்ளை. பிள்ளையின்ரை ஏணையையும் அதிலை கட்டியிருக்கிறாய்."

அவ்வளவே. பந்தலை எடு என்று சொல்லவில்லை. சொல்லிவிட்டு வந்து கைகால் கழுவிச் சாப்பிட்டேன். மறுநாள் விடியற் பேருந்தில் வவுனியாவுக்குப் போனேன். ஆசுபத்திரியில் என் தமையனார் இருந்தார். சனியும் ஞாயிறும் அங்கே ஓயாது மழை பெய்தது. ஆசுபத்திரி விறாந்தையில் அமர்ந்து, எனக்குத் தெரிந்த பதிகங்களை மனத்துக்குள் முறையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். என் மனம் தெளிவாகவே இருந்தது.

திங்கள் நண்பகல் வீட்டுக்கு வந்தேன். சோமவாரம், விரதம். மனைவி வாசலில் நின்று, வந்த களைப்புக்குத் தண்ணீர் வேண்டுமா என்றும் கேட்கவில்லை.

"இஞ்சாருங்கோ, அந்தப் பிள்ளைக்கு என்ன சொல்லிப்போட்டுப் போனனீங்கள்?"

"நான் ஒண்டும் சொல்லேல்லையே."

"ஒண்டும் சொல்லாமலோ அவள் முழுப் பந்தலையும் பிடுங்கிக் கொண்டுபோய்ச் சுடலையிலை போட்டவள்?"

நான் வேலிக்கு மேலால் பார்த்தேன். வானம் தெரிந்தது. நான்கு நாளுக்கு முன் அவ்விடத்திற் பச்சை இருந்தது.

"சாமிக்கு ஆகாது எண்டு மட்டும்தான் சொன்னனான்."

"எந்தச் சாமிக்கு?" என்றாள் அவள். "நீங்கள் பின்னேரம் பின்னேரம் நிண்டு பாடுறியளே, அவர் ஆடுறது எங்கை? சுடலையிலை. பூசுறது என்ன? சாம்பல். அவருக்கு அது ஆகுதாம், அவரின்ரை பிள்ளைக்குப் புடோலங்காய் ஆகாதாமோ?"

நான் வாய் திறந்தேன்.

"இனிப் பாட்டிலை இருந்து ஒரு வரி எடுத்துச் சொல்லாதேங்கோ. எனக்கு விளங்காது. பின்னேரம் சோறு போடவோ, அல்லது அதுக்கும் நாள் பார்க்கவேணுமோ?"

இருபத்தைந்து ஆண்டு இல்வாழ்வில் அவள் என்னிடம் இவ்வாறு பேசியதில்லை. கோபம் வந்தது. வந்த கோபத்தோடு திண்டாடி நின்றபோது வேறொன்று நினைவுக்கு வந்தது. அந்தச் சந்தியடிச் செத்த வீட்டுப் பந்தலுக்குக் கூரையாக வந்த தகரங்கள் ஊரின் பொதுத் தகரங்கள். அடுத்த மாதமே அவை ஒரு கலியாண வீட்டில் நின்றன. அந்த நிழலில் அமர்ந்து நான் வாழ்த்துப் பாடினேன், பாயசம் குடித்தேன். தகரம் எங்கே நின்றது என்று கேட்கவில்லை. கேட்கத் தோன்றவுமில்லை. ஏனெனில் அந்தக் கலியாண வீட்டார் என்னைப் போன்றவர்கள். மலைநாட்டிலிருந்து வந்தவளின் முற்றத்தில் மட்டுமே என் கண் ஒரு துணிக்கிழிசலைத் தேடிக் கண்டது. அதைச் சமயம் என்று நான் எண்ணியிருந்தேன்.

அவள் காணிக்குப் போனேன். கொடிகளை அவள் அறுக்கவில்லை. கட்டுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து, தென்னோலைகளைத் தரையில் விரித்து, அவற்றின் மேல் இறக்கி வைத்திருந்தாள். ஆயினும் இரண்டு நாள் மழை பெய்துவிட்டது. ஓலைகள் நீரில் மிதந்தன. கொடிகள் ஒன்றையொன்று சுருட்டிப் பிடித்துக்கொண்டு சேற்றில் கிடந்தன. பிஞ்சுகள் முறிந்து, நுனியிற் கட்டிய கற்களோடு அழுகத் தொடங்கியிருந்தன. அவள் குந்தியிருந்து, அழுகிய இலைகளைக் கிள்ளி ஒரு பக்கம் குவித்துக்கொண்டிருந்தாள். குழந்தையை முதுகில் துணியாற் கட்டியிருந்தாள்.

"நான் பந்தலைப் பிடுங்கச் சொல்லேல்லையே பிள்ளை" என்றேன். அதுதான் என் வாயில் முதலில் வந்த சொல்.

"சாமிக்கு ஆகாததை நாங்க மட்டும் எப்படிங்க ஐயா சாப்பிடுறது?" என்றாள். குரலில் சினமில்லை. "புள்ளைய வேற அதுல போட்டு ஆட்டியிருக்கேன். நீங்க சொன்னதுக்கு மறுநாள் சாயங்காலத்துக்குள்ள எல்லாத் தடியையும் இழுத்துக்கிட்டுப் போயிட்டேங்க. வேற தடி தேடலாம்னு பாத்தேன். மழை விடல. மழையில அவரும் இந்த வாரம் வரல."

"நான் சொன்னது பிழை" என்றேன்.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "எதுங்க பிழை? அன்னிக்குச் சொன்னதா, இப்ப சொல்றதா?"

என் வாக்கை நம்பி ஒருமுறை எல்லாவற்றையும் இழந்தவளை, அதே வாக்கை மறுபடி நம்பு என்று எப்படிக் கேட்பது? வெள்ளிக்கிழமைக்கு நான்கு நாள் இருந்தது.

மறுநாள் செவ்வாய்க்கிழமை, அட்டமி. எந்தக் காரியத்துக்கும் நான் எவருக்கும் கொடுத்திராத நாள். விடிந்ததும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சுடலைக்குப் போனேன். பிறர்க்குப் பின்னால் பலமுறை சென்ற இடம். தனியே சென்றது அன்றுதான். மழையில் சாம்பல் கரைந்து நிலம் கறுத்திருந்தது. தடிகளை அவள் எறிந்திருக்கவில்லை. ஒரு மரத்தடியில், நுனிகள் ஒன்றாகச் சேர, வரிசையாக அடுக்கி வைத்திருந்தாள். பதினான்கில் ஒன்பது இருந்தன. ஞாயிற்றுக்கிழமை ஒருவரை எரித்திருக்கிறார்கள்; ஈர விறகுக்குத் துணையாக ஐந்து தடிகள் போயிருந்தன. அதிற் குறைசொல்ல ஒன்றுமில்லை.

வாய்விட்டு ஒரு பதிகம் பாடலாமென்று நின்றேன். பாட்டு வரவில்லை. பொருள் தெரிந்து நாற்பது ஆண்டு பாடிய பாட்டுகள். அவை சொல்லும் இடத்தில் நிற்கும்போது ஒரு சொல்லும் வரவில்லை. ஆகவே தடிகளைத் தூக்கினேன்.

மும்மூன்றாகச் சைக்கிளோடு சேர்த்துக் கட்டி, மூன்று முறை தள்ளினேன். நுனிகள் பின்னால் நீட்டிக்கொண்டிருந்தமையால் ஒன்றைத் தோளிலும் தாங்கவேண்டியிருந்தது. இரண்டாம் முறை வரும்போது கோயில் நிர்வாகத்தைச் சேர்ந்த ஒருவர் எதிரே வந்து சைக்கிளிலிருந்து இறங்கினார்.

"என்ன ஐயா, செவ்வாய்க்கிழமை அட்டமியிலை சுடலைப் பக்கத்தாலை வாறியள்? தடி வேறை?"

"பந்தல் போட."

"ஆரின்ரை வீட்டுப் பந்தல்?"

"புடோல் வீட்டுப் பந்தல்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, சைக்கிளில் ஏறி, நான் வந்த பாதையைச் சற்று விலக்கி மிதித்துப் போனார். அன்று மாலை நான் குளித்துக் கோயிலுக்குப் போய்ப் பாடியபோதும் அவர் விலகியே நின்றார். எனக்கு அது வலித்தது. ஊருக்கு வந்த நாளிலிருந்து அவள் நாளும் கண்டது இதுதானே என்ற எண்ணம் பின்னர்தான் வந்தது.

தடிகளை அவள் வாசலில் வைத்தபோது அவள் தொடவில்லை. குழந்தையை முதுகிலிருந்து முன்னுக்கு எடுத்து அணைத்துக்கொண்டாள்.

"ஐயா, எனக்குப் பயமா இருக்குங்க."

"பயம் நான் தந்தது" என்றேன். "நீ தொடவேண்டாம். நான் நடுறன். ஏதும் வந்தால் எனக்கு வரட்டும்."

நான் அலவாங்கால் குழிகளைத் தோண்டினேன். மூன்றாவது குழியில் ஆழம் போதவில்லை. அவள் அருகே வந்து குழிக்குள் பார்த்தாள். பின் குழந்தையை, எங்களோடு வந்து நின்ற என் மனைவியின் கையிற் கொடுத்துவிட்டு, அலவாங்கை என்னிடமிருந்து வாங்கினாள். "இப்படி நட்டா முதல் காத்துக்கே சாஞ்சிடும்ங்க" என்றாள். அதன்பின் வேலை அவளுடையதாயிற்று. நான் தூக்கிக் கொடுப்பவன் ஆனேன்.

ஐந்து தடி குறைவு. என் மனைவி எங்கள் வேலியைக் காட்டினாள். "இதிலை நல்ல பூவரசங் கதியால் நிக்குது. வெட்டுங்கோ. மாடு வந்தால் நான் கலைக்கிறன்." நான் தயங்கினேன். அவளே கத்தியை எடுத்துவந்தாள். வேலிக்காலாக உயிரோடு நின்ற ஐந்து பச்சைக் கதியால்களை வெட்டினோம்; எங்கள் வேலியில் ஓர் ஆள் புகும் ஓட்டை விழுந்தது.

தடிகளின் மேல் மறுபடி இழுத்துக் கட்டிய, முள் கழற்றிய கம்பிகளுக்கு இடையே இடைவெளி அகலமாக இருந்தது. நலமான கொடி தாவிப் பிடிக்கும். சேற்றிற் கிடந்த கொடிக்கு அந்த வலு இல்லை. நெருங்கிய பிடி ஏதாவது வேண்டும். புதன்கிழமை காலையில், முல்லைத்தீவிலிருந்து மீன் கொண்டுவந்து விற்கும் வியாபாரி தெருவிற் கூவிக்கொண்டு போனார். பிறந்த நாளிலிருந்து மீன் தொடாத நான் ஓடிப்போய் அவரை நிறுத்தினேன்.

"தம்பி, கிழிஞ்ச வலை ஏதும் உன்னட்டை இருக்குதோ?"

பெட்டியை மூடக் கட்டியிருந்த பழைய வலையை அவர் அவிழ்த்துக் கொடுத்தார். "ஐயா, இருவது வருசமா இந்தத் தெருவாலை போறன். மீன் வாங்காமல் வலை வாங்கின முதல் சைவக்காரன் நீங்கள்தான். என்ன பிடிக்கப் போறியள்?"

"பாகற்காய்."

"சினை வைச்ச நேரமாப் பார்த்துப் பிடியுங்கோ" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டு போனார்.

வலையை வாய்க்காலில் நானே அலசினேன். நான்கு முறை அலசியும் மணம் போகவில்லை; என் கையிலும் இருந்தது. அதைப் பந்தலின் மேல் இழுத்து விரித்து டியூப் நாடாவாற் கட்டினோம். பின்பு கொடிகளை ஏற்றுதல். இரண்டு பேர் கொடியை அடியிலிருந்து நுனி வரை கைகளில் ஏந்த, ஒருவர் கவைக்கம்பால் மேலே தூக்கி, ஈர வாழைநாரால் வலையோடு இணைக்கவேண்டும். ஒரு கொடிக்கு நீண்ட நேரம் பிடித்தது. அவிழ்க்க முடியாமற் பின்னியிருந்த இடங்களை அவள் பல்லால் கடித்து அறுத்தாள். வியாழன் பொழுதுபடும்போது எல்லாம் மேலே இருந்தன. அழகாயிருந்தன என்று சொல்ல இயலாது. நனைந்த துணிகளைக் காயப் போட்டாற்போல் தொங்கின.

வெள்ளிக்கிழமை பத்து மணியளவில் உத்தியோகத்தர் மோட்டார் சைக்கிளில் வந்தார். ஒல்லியான, சிரிக்காமலே பகிடி சொல்லும் மனிதர். காணியைச் சுற்றி வந்து, பந்தலின் கீழ் நின்று, மேலே பார்த்தார்.

"அம்மா, இது தோட்டமோ, சைக்கிள் திருத்துற இடமோ?"

"ரெண்டும்தாங்க ஐயா."

ஒரு தடியைப் பிடித்து அசைத்தார். அது அசையவில்லை. "தடி உறுதி. கொடி ஏன் காய்ச்சல்காரன் மாதிரிக் கிடக்கு?"

அவள் நிலத்தைப் பார்த்தாள். என்னைக் காட்டிக்கொடுக்க அவளுக்கு மனம் இல்லை, அல்லது துணிவில்லை. நான் முன்வந்து எல்லாவற்றையும் சொன்னேன்: தடி வந்த வீடு, நான் சொன்ன சொல், அவள் செய்தது, மழை. சொல்லி முடித்தபோது என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது.

அவர் தடியை விட்டுக் கையைத் துடைத்தார். "நீங்கள்தானே கோயிலிலை பாடுற ஐயா? உங்களிட்டை நாள் கேட்டுத்தான் என்ரை மச்சான் கிணறு வெட்டினவன்."

"ஓம், இருக்கும்."

"தண்ணி வரேல்லை."

என் மனைவி சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். அவர் பந்தலுக்கு உரியவளிடம் திரும்பினார். "காய் எங்கை அம்மா?" அவள் இலைகளை விலக்கிக் காட்டினாள். முறியாமல் எஞ்சிய மூன்று பிஞ்சுகள், ஒவ்வொன்றும் விரல் நீளம்.

அவர் கடதாசியில் எதையும் எழுதவில்லை. எழுதுகோலை மூடினார். அவள் முகம் வெளிறியதைக் கண்டேன்.

"மூண்டு பிஞ்சைக் காட்டிச் செய்கை எண்டு எழுதினால் மேலையிருக்கிறவை என்னைச் சிரிப்பினம். வெறுங்காணி எண்டு எழுத எனக்குக் கண்ணில்லையோ? தை முடியத் திரும்ப வாறன். அதுமட்டும் இந்தக் காணியை ஒருத்தரும் தொடமாட்டினம். காய் இருக்கவேணும் அம்மா. பகிடி இல்லை."

நாற்பது கொடிகளில் இருபத்தாறு பிழைத்தன. மார்கழியில் அவை வலையின் கண்ணெல்லாம் நிறைந்தன. பச்சையாக நட்ட பூவரசங் கதியால்கள் மாரி ஈரத்தில் துளிர்த்து, கொடிகளுக்கு மேலால் இலை விரித்து வெயிலை மறைக்கப் பார்த்தன. அவள் தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டுவதுபோல அவற்றை மட்டமாக வெட்டி, வெட்டிய குழையை வேரடியிற் போட்டாள். தையில் முதற்காய் முற்றியபோது அவள் அதை எடுத்துக்கொண்டு தானே கோயிலுக்குப் போனாள். ஆகுமா ஆகாதா என்று என்னிடம் கேட்கவில்லை. குருக்கள் வாங்கி உள்ளே வைத்தார். அன்று மாலை பாடும்போது அது பிள்ளையாரின் முன்னால் இருந்ததைக் கண்டேன், பாடினேன்.

உத்தியோகத்தர் சொன்னபடி தை முடிவில் வந்தார். காய்களை எண்ணத் தொடங்கி, பாதியில் நிறுத்தி, எழுதினார். பெர்மிட் வந்தபோது ஆனி பிறந்துவிட்டது. அந்தக் கடதாசியை அவள் வேலி ஓட்டை வழியாக வந்து என் மனைவியிடம் காட்டினாள். நான் கதிரையில் இருந்தேன். எனக்கும் காட்டினாள்; ஆனால் பின்னர்தான்.

அடுத்த மாரிக்கு அவள் இரண்டாவது பந்தல் போட்டாள். இம்முறை நாள் கேட்டு எவரிடமும் போகவில்லை. நான் சொல்லுவேனோ என்று எண்ணி என் பக்கம் பார்க்கவுமில்லை. நான் வேலிக்கு இப்பால் நின்றிருந்தேன். அவள் தடியொன்றை நிமிர்த்தி, அது சாய, மறுபடி நிமிர்த்தி, பின் தலையைத் திருப்பாமலே கூப்பிட்டாள்.

"ஐயா, வாங்க. இதைக் கொஞ்சம் புடிச்சுக்குங்க. பேசாம புடிச்சுக்கிட்டு நின்னாப் போதும்."

போய்ப் பிடித்தேன். அவள் மண்ணைத் தள்ளி மிதிக்கும் வரை பேசாமல் நின்றேன்.

இதை வாசித்தோர் யாவரும் வாழ்க. உங்கள் வளவில் நட்டது தழைக்க. மழை அளவாய்ப் பெய்க. உங்கள் வாயிலிருந்து போகும் சொல் எவர் வீட்டுக் கூரையையும் இறக்காதிருக்க. இறக்கிவிட்டால், அதைத் தூக்கி வருவதற்கு உங்கள் தோளில் இறைவன் வலுத் தருக.